நடந்து வந்த அங்காடி: மைசூர்க் கண்காட்சியும் ஊர்தோறும் சென்ற வணிகமும்

புரட்டாசி பிறந்து நவராத்திரி நெருங்கிவிட்டால் நம் காலனிச் சிறார்க்குப் பொறுமை இருப்பதில்லை. "கண்காட்சிக்கு என்று போகிறோம்?" என்னும் கேள்வி ஒவ்வோர் இல்லத்திலும் எழும். தொட்டகெரே மைதானத்தில் விரியும் தசராக் கண்காட்சியில் இராட்டினம் ஏறி, மிளகாய் பஜ்ஜி உண்டு, பை நிறையச் சிறு பொருள்கள் வாங்கித் திரும்புவது நமக்கு ஆண்டு வழக்கமாகிவிட்டது. ஆனால், அக்கடைகளை விரித்தோர் யாவர்? எவ்வூரிலிருந்து வந்தனர்? இங்கே மூட்டை கட்டிய பின் எவ்வூர்க்குச் செல்வர்? இவற்றை எண்ணிப் பார்ப்போர் நம்மில் மிகச் சிலரே.

சங்கத்தின் ஆண்டு விழா மலரில் அவ்வரலாற்றைச் சிறிது ஆராய்வது பொருத்தமாகும் எனக் கருதுகின்றோம். ஏனெனில் அது பிறர் வரலாறு அன்று, நம் வரலாறுமாகும். பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் வந்த தமிழருள் வணிகர் ஒரு பெரும் பகுதியினர். அவர்கள் கையில் கொண்டுவந்தவை இரண்டே: காட்டுவதற்கு ஒரு மாதிரி, எழுதுவதற்கு ஒரு குறிப்பேடு. அவ்விரண்டையும் தாங்கி நின்றது மூன்றாவதாகிய ஒன்று. அது சொன்ன சொல். இக்கட்டுரை அம்மூன்றாவது பொருளைப் பற்றியது.

சாத்தும் ஐந்நூற்றுவரும்

கண்காட்சி என்னும் பெயர் புதிது, கருத்துப் பழையது. சரக்கை எருதின் முதுகிலும் கழுதையின் முதுகிலும் ஏற்றி, கூட்டமாய்ச் சேர்ந்து, வில்வீரர் காவலுடன் ஊர்தோறும் சென்ற வணிகர் கூட்டத்திற்குச் 'சாத்து' என்று நம் முன்னோர் பெயரிட்டனர். சிலப்பதிகாரத்துக் கோவலனின் தந்தை மாசாத்துவான் என்னும் பெயரே அத்தொழிலின் பெருமையைப் பறைசாற்றும். மதுரையில் பகற்கடை நாளங்காடி எனவும், இராக்கடை அல்லங்காடி எனவும் வழங்கின. புகார்த் துறையில் வந்திறங்கிய பண்டங்களின்மேல் சோழரின் புலி முத்திரை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை கூறும்.

இடைக்காலத்தில் இச்சாத்துக்களுள் தலைசிறந்து விளங்கியது ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழு. இன்றைய கருநாடகத்தின் பாகல்கோட்டை மாவட்டத்தில் உள்ள ஐஹொளே என்னும் ஊரே அக்குழுவின் பிறப்பிடம். கன்னடக் கல்வெட்டுகள் அதனை ஐயாவொளெ என்னும். தமிழ்க் கல்வெட்டுகள் ஐயப்பொழில் என்னும். கன்னட மண்ணில் தோன்றிய குழு தமிழ் மண்ணில் 'நானாதேசித் திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' எனப் பெயர் பூண்டு பரவியது. கடல் கடந்த சுமத்திரா தீவின் பாரூஸ் அருகே அக்குழுவினர் நிறுத்திய கல்வெட்டு 1088ஆம் ஆண்டினது. அதன் மொழி தமிழ். கன்னட ஊரின் பெயரைத் தாங்கிய குழு தமிழ் எழுத்தில் தன் செய்தியைக் கடலுக்கு அப்பால் பொறித்தது என்றால், வணிகம் மொழிகளுக்கு இடையே மதில் எழுப்பவில்லை, பாலம் அமைத்தது என்பது வெள்ளிடைமலை.

மைசூர்க்குத் தென்கிழக்கே காவிரிக் கரையில் உள்ள தலக்காடு நம்மிற் பலர் கண்டு வந்த ஊர். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது சோழர் வசமாகி இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது; 1116ஆம் ஆண்டை ஒட்டிப் போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் அதனை மீட்டான். அரசுகள் மாறின, எல்லைகள் நகர்ந்தன. எனினும் மிளகும் துணியும் சந்தனமும் சுமந்த பொதி எருதுகள் நடந்துகொண்டேயிருந்தன. அக்காலத்தில் சோழ நாட்டை ஆண்ட முதற் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்றதையும் ஈண்டு நினைத்தல் தகும். வழிச் செல்லும் சரக்கின்மீது வரி குறைந்தால் வணிகர் வாழ்த்துவர் என்பதற்கு அப்பட்டப் பெயரே சான்று.

இக்குழுவினர் தம் பொதுச் செலவிற்கும் அறச் செயலுக்கும் பொருள் சேர்த்த முறை கருதத்தக்கது. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் பலவூர் வணிகர் ஒன்றுகூடி, உப்பு, மிளகு, பாக்கு, நூல், புடவை, சந்தனம் முதலிய பண்டங்களுக்குப் பொதிக்கு இவ்வளவு எனத் தாமே தமக்கு விதித்துக்கொண்ட 'பட்டணப் பகுடி' குறிக்கப்பெறுகின்றது. பிற்காலத்தில் மகமை என வழங்கியதும் இதன் வழிவந்ததே. இன்று கண்காட்சி நடத்துவோர் கடை வாடகையாகப் பெறுவதை அன்று வணிகரே மனமொப்பி ஈந்தனர். ஈந்ததனால் கூட்டத்தின் பெயரைக் காக்கும் பொறுப்பையும் ஏற்றனர்.

பஞ்சத்தின் பின் பிறந்த எண்ணம்

இனி மைசூர்க்கு வருவோம். வடக்கே விசயநகரம் தளர்ந்த பின் இராசவொடெயர் 1610ஆம் ஆண்டில் சீரங்கப்பட்டணத்தில் தொடங்கிய தசரா விழா அரச விழாவாகவே நெடுநாள் நிலவியது. அதனோடு தொழிற் கண்காட்சியை இணைக்கும் எண்ணம் 1880ஆம் ஆண்டில் பத்தாம் சாமராசேந்திர வொடெயர் பெயரால் தோன்றியதாகக் கூறுவர். அவ்வாண்டின் சூழ்நிலையை அறிந்தாலன்றி அவ்வெண்ணத்தின் அருமை புலப்படாது.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாதுப் பஞ்சம் மைசூர் நாட்டையும் விட்டுவைக்கவில்லை. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 50 இலட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள் தொகை, 1881இல் ஏறத்தாழ 42 இலட்சமாகக் குன்றியது. கைத்தொழிலாளர் கருவியை விற்றனர். உழவர் ஏரை விற்றனர். இந்நிலையில் எங்கே எது விளைகின்றது, எவன் எதனைச் செய்கின்றான், அதனை யார் வாங்குவர் என்பதை நாட்டுக்கு அறிவிக்க ஒரு களம் வேண்டியிருந்தது. விழாவுக்குக் கூடும் கூட்டத்தை அறிவுக்கும் ஆக்கத்திற்கும் பயன்படுத்தலாம் என்பது அக்காலத்தவர் கண்ட வழி.

1881ஆம் ஆண்டு மார்ச்சில் ஆட்சி மீண்டும் வொடெயர் குலத்திடம் வந்தது. செங்கற்பட்டுச் சீமையிற் பிறந்த சி. வி. ரங்காசார்லு திவானாக அமர்ந்தார். அவ்வாண்டு அக்டோபர் 7ஆம் நாள், தசராவை ஒட்டி, உழவரும் வணிகருமாகிய 144 பேரை மைசூரில் கூட்டிப் பிரதிநிதி சபையைத் தொடங்கினார். வட்டந்தோறும் இருந்து நிலமுடையோரும் சரக்குடையோரும் தலைநகரில் கூடும் வேளையாகத் தசரா அமைந்தமையால், கண்காட்சிக்கு வேண்டிய முதற்பொருள் கிடைத்தது. அது வேடிக்கை பார்க்கும் கூட்டம் அன்று. கொள்வோரும் கொடுப்போரும் நேர்முகமாகச் சந்திக்கும் கூட்டம். அதே காலத்தில் பெங்களூரிலிருந்து இருப்புப் பாதையும் மைசூரை எட்டியது. மாட்டு வண்டியில் பல நாள் வந்த பொதி ஒரு நாளில் வந்து சேரும் நிலை பிறந்தது.

ஆண்டுக்கோர் ஊர்

இந்தியாவில் பெருங் கண்காட்சி என்னும் முறைக்கு இலண்டனில் 1851ஆம் ஆண்டு மே 1 முதல் அக்டோபர் 15 வரை நடைபெற்ற பெருங்காட்சி வழிகாட்டியாயிற்று. கண்ணாடி மாளிகையில் நிகழ்ந்த அதனைக் காண வந்தோரின் வருகை 60 இலட்சத்தைத் தாண்டிற்று. நான்கே ஆண்டில், 1855இல், சென்னையில் தென்னிந்திய விளைபொருள், கைவினை, தொழிற்பொருள் கண்காட்சி நடைபெற்றது. வகை வகையாகப் பிரித்து, வகைக்கொரு நடுவர் குழு அமைத்து, அவர்தம் அறிக்கைகளை அச்சிட்டு வெளியிட்டனர். 1857இல் மீண்டும் ஒரு கண்காட்சி கூடிற்று. ஆயினும் அவை ஆள்வோர் தமக்கு வேண்டிய கச்சாப் பொருளை அறிவதற்கு நடத்தியவையே எனலாம்.

இந்தியர் தமக்கெனத் தாமே நடத்திய சுற்றுக் கண்காட்சி 20ஆம் நூற்றாண்டில் பிறந்தது. காங்கிரசு மாநாடு ஆண்டுக்கோர் ஊரில் கூடும் வழக்கத்தை ஒட்டி, 1901இல் கல்கத்தாவில் தொழிற் கண்காட்சி ஒன்று அதனோடு சேர்க்கப்பட்டது. 1902இல் அகமதாபாத்துக் கண்காட்சியைப் பரோடா மன்னர் சாயாசிராவ் திறந்துவைத்துத் தொழில் வளர்ச்சி பற்றி ஆற்றிய உரை நாடெங்கும் பேசப்பட்டது. 1903இல் அது சென்னைக்கு வந்தது. அதனைத் திறந்துவைத்தவர், ஓராண்டுக்கு முன்னரே முழு ஆட்சியுரிமை ஏற்றிருந்த 19 வயது இளைஞராகிய மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராச வொடெயர். கன்னட நாட்டு வேந்தர் தமிழ் மக்கள் தலைநகரில் தொழிற் கண்காட்சியைத் தொடங்கிவைத்த அந்நிகழ்ச்சி, மைசூர் வாழ் தமிழராகிய நம் நெஞ்சில் தனி இடம் பெறத் தக்கது. பின்னர் 1904இல் பம்பாய், 1905இல் காசி, 1906இல் மீண்டும் கல்கத்தா எனக் கண்காட்சி நடந்தது.

ஒரே ஊரில் ஆண்டுதோறும் நடத்துவது எளிதன்றோ, ஏன் ஊர் ஊராகச் சென்றனர் என வினவலாம். விடை எளியது. பெருவணிகன் எங்கும் செல்வான். சிறு நெசவாளனும் சிறு உலோகத் தொழிலாளனும் நூறு கல் தொலைவு செல்லவும் வகையற்றவர். அவரிடம் சந்தை நடந்து செல்ல வேண்டும். கண்காட்சி தம் பக்கத்து ஊர்க்கு வந்த ஆண்டில், தம் பொருளைப் பக்கத்துக் கூடத்துப் பொருளோடு ஒப்பிட்டுக் காணும் வாய்ப்பு அவர்க்குக் கிட்டிற்று. குறை தெரிந்தது, நிறையும் தெரிந்தது.

மாதிரியின் மதிப்பு

வணிகக் கண்காட்சியின் வரலாற்றில் பெருந்திருப்பம் செர்மானிய நகரமாகிய இலைப்சிக்கில் நேர்ந்தது. அந்நகர்ச் சந்தை பன்னூற்றாண்டுப் பழமையுடையது. வணிகர் முழுச் சரக்கையும் வண்டியில் ஏற்றிவந்து விற்று, விற்காததைச் சுமந்து மீண்டனர். இருப்புப் பாதையும் தந்தியும் வந்த பின் அச்சுமை வீண் எனக் கண்டு, 1895இல் மாதிரிச் சந்தையாக அதனை மாற்றினர். ஒரு கிண்ணத்தைக் காட்டினால் போதும். ஆயிரம் கிண்ணத்திற்கு ஆர்டர் எழுதலாம். சரக்கு பின்னர்த் தொழிற்சாலையிலிருந்து நேரே செல்லும். உற்பத்தி செய்வோரும் விநியோகஸ்தரும் கூடும் இக்கால வணிகக் காட்சி யாவும் இதன் வழித்தோன்றல்களே.

மாதிரி வணிகத்திற்கு முதல் வேண்டுவது பணம் அன்று, நம்பிக்கை. காட்டிய பொருளும் அனுப்பிய பொருளும் ஒன்றாதல் வேண்டும். வள்ளுவர் வணிகர்க்குரிய நெறியை நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தமையின் நுட்பம் இங்கே விளங்கும்.

மைசூர் நாடும் இப்பாடத்தைக் கற்றது. 1911இல் மைசூர்ப் பொருளாதார மாநாடு அமைந்தது. 1912இல் திவானான மோ. விசுவேசுவரையா அதற்கு உயிரூட்டினார். அவ்வாண்டே சுவிட்சர்லாந்திலிருந்து தறிகள் தருவித்து மைசூரில் பட்டு நெசவாலை தொடங்கப்பெற்றது. 1914இல் உலகப் போர் மூண்டது. அதுகாறும் மைசூர்ச் சந்தனக் கட்டை பெரும்பாலும் செர்மனிக்குச் சென்று ஆங்கே எண்ணெயாக வடிக்கப்பட்டு வந்தது. போரினால் அவ்வழி அடைபட்டது. கட்டை கிடங்கில் தேங்கிற்று. தேங்கிய கட்டையைத் தாமே வடிப்பது என்னும் துணிவினால் 1916இல் பெங்களூரிலும் அடுத்த ஆண்டு மைசூரிலும் எண்ணெய் ஆலைகள் எழுந்தன. மைசூர்ச் சந்தன சோப்பும் அதன்வழிப் பிறந்தது. இம்முயற்சிகளுக்குத் தொழில்துறை இயக்குநராய் நின்று உழைத்த ஆல்பிரெட் சாட்டர்டன், அதற்கு முன் சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலை நிலைநாட்டிய அனுபவம் மிக்கவர். சென்னையின் அனுபவம் மைசூர்க்குப் பயன்பட்டது. மைசூரின் சோப்பு தமிழ்நாட்டு வீடுகளை மணக்கச் செய்தது.

நடத்தும் வகை

ஊர்விட்டு ஊர் செல்லும் கண்காட்சியை நடத்துவது எளிய செயலன்று. மழை ஓய்ந்த காலம் பார்த்தல், நீரும் விளக்கும் உள்ள மைதானம் தேர்தல், ஒரே சரக்குடைய கடைகளை அருகருகே வைப்பதா அகற்றி வைப்பதா எனத் துணிதல், தீக்காவல், இராக்காவல், ஒவ்வொரு பொதிக்கும் எண்ணிட்டு இறக்குதல், முடிந்தபின் அதே எண்ணின்படி ஏற்றுதல் எனப் பணிகள் பலவாகும். கடை விரிக்கும் வணிகரும் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் கண்காட்சி நாள்களைப் பார்த்தே ஆண்டை வகுத்துக்கொள்வர். 1938இல் தொடங்கிய ஐதராபாத்துக் கண்காட்சி சனவரியில் கூடும். சென்னைத் தீவுத்திடலில் 1974 முதல் நடைபெறும் பொருட்காட்சி பொங்கற் பருவத்தை ஒட்டியது. மதுரைப் பொருட்காட்சி சித்திரைத் திருவிழாவைச் சார்ந்தது. மைசூர்க் கண்காட்சி தசராவில் தொடங்கிப் பெரும்பாலும் 90 நாள் அளவு நீளும். விழா உள்ள இடத்தில் கூட்டம். கூட்டம் உள்ள இடத்தில் கடை. பழைய சாத்து வேறு உருவில் இன்றும் நடக்கின்றது.

சுங்கச் சாவடியும் வேறு உருவில் உள்ளது. 2017ஆம் ஆண்டு சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு சேவை வரிச் சட்டத்தின்படி, வேற்று மாநிலத்தில் சில நாளே கடை விரித்து விற்போர் அம்மாநிலத்தில் தற்காலிகப் பதிவு பெறுதல் வேண்டும். வணிகம் தொடங்குவதற்குக் குறைந்தது 5 நாள் முன்னரே விண்ணப்பித்து, எதிர்பார்க்கும் விற்பனைக்குரிய வரியை முன்கூட்டியே செலுத்த வேண்டும். அப்பதிவு 90 நாள் வரை செல்லும். வேண்டுமாயின் மேலும் 90 நாள் நீட்டிக்கப்பெறும். கைவினைப் பொருள் விற்கும் சிறியோர்க்கு ஓரளவு விலக்கு உண்டு. விற்பதற்கு முன்னரே வரிப்பணம் முடக்க வேண்டியிருப்பது சிறு வணிகர்க்குப் பாரமே. மாதிரியைக் காட்டி ஆர்டர் பெற்று, தம் ஊர்க் கிடங்கிலிருந்து சரக்கனுப்பும் முறை இவர்க்கு ஏற்றதாய் அமைவதன் காரணம் இப்போது விளங்கும்.

மாதிரி வேட்டி

இவ்விடத்தில் நம் காலனியில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஆண்டு விழாத் தொண்டர்க்கு ஒரே வகை வேட்டியும் துண்டும் வாங்க விழைந்து, கண்காட்சியில் ஒரு கடையில் மாதிரி கண்டோம். நூல் மெல்லியது, நெசவு நெருக்கமானது, கரை கண்ணைக் கவர்ந்தது. முன்பணம் கொடுத்து எழுதிவந்தோம். விழாவுக்கு முந்தைய நாள் வந்து சேர்ந்த பொதியைப் பிரித்தபோது மகளிர் கை வைத்ததுமே முகம் சுருக்கினர். கரை அதுவே, துணி வேறு. ஒரு சலவைக்குத் தாங்கவில்லை. அன்று முதல் நம் காலனியில் எவரேனும் வாயளவில் இனிப்பாகப் பேசினால், "மாதிரி வேட்டி" என்று நகைப்பது வழக்கமாயிற்று.

நகைப்பு ஒருபுறம் இருக்க, பின்னர் நிகழ்ந்ததே வருந்தத் தக்கது. மறு ஆண்டு கண்காட்சியில் அந்த ஊர் நெசவுக் கடைகள் பல இருந்தன. நம்மவர் ஒருவரும் அவற்றின் வாயிலை மிதிக்கவில்லை. ஏமாற்றியவர் ஒருவர், வாடியவர் பலர். நேர்மையாய் நெய்த யாரோ ஒரு குடும்பத்தின் துணியை நாம் தொட்டும் பாராமல் வந்தோம் என்பதை எண்ணும்போது நமக்கும் அதில் ஒரு பங்கு பழி உண்டு என்றே தோன்றுகின்றது. ஐந்நூற்றுவர் தம் பெயரைக் குழுவின் பெயராகவே வைத்துக்கொண்டதன் காரணம் இதுவே. ஊர் கடந்து செல்லும் வணிகன் தன் பெயரால் அறியப்படுவதில்லை. தன் ஊரின் பெயரால் அறியப்படுகின்றான். அவன் பொய்த்தால் ஊர் பொய்க்கும்.

நாம் செய்யத் தக்கது

இன்று நம் தசராக் கண்காட்சி மக்களைக் கவரும் பொழுதுபோக்குக் களமாய்ச் சிறந்து விளங்குகின்றது. அதில் குறை காண்பது நம் நோக்கமன்று. இராட்டினம் சுற்றும் குழந்தையின் மகிழ்ச்சியும் நாட்டின் செல்வமே. எனினும், பஞ்சத்தின் பின் தோன்றிய அப்பழைய நோக்கம், செய்வோனும் விநியோகிப்போனும் நேர்முகமாய்ச் சந்திக்க வேண்டும் என்னும் நோக்கம், இராட்டினத்தின் ஒலியில் மங்கிவிடலாகாது. மைசூர்ப் பட்டும், சந்தனமும், ஊதுவத்தியும், வெற்றிலையும், மல்லிகையும், நஞ்சன்கூட்டு வாழையும் தமிழ்நாட்டு மொத்த வணிகர் கண்ணில் பட வேண்டும். தமிழ்நாட்டுக் கைத்தறியும், கோவை இயந்திரமும், திருப்பூர்ப் பின்னலாடையும் இங்குள்ள விநியோகஸ்தர் கையில் தவழ வேண்டும். கண்காட்சியின் நீண்ட நாள்களில் சில நாள்களின் முற்பகலை இத்தகைய கொடுக்கல் வாங்கலுக்கெனத் தனியே ஒதுக்கினால், மாலைக் கூட்டத்திற்கு ஊறில்லை. காலை வணிகத்திற்கு ஊற்றம் உண்டு.

சங்கத்தின் அளவில் நாம் செய்யக்கூடியதும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து முதன்முறை இங்குக் கடை விரிக்க வரும் சிறு தொழிலாளர்க்குக் கன்னடத்தில் விலைப்பட்டியல் எழுதித் தரலாம். பதிவும் வரியும் பற்றி அறிந்தோர் வழி சொல்லலாம். இங்குள்ள கன்னட வணிக நண்பரோடு அறிமுகம் செய்விக்கலாம். அவ்வாறு அறிமுகம் செய்யும்போது மாதிரியும் சரக்கும் ஒன்றாயிருக்க நாமும் பிணை நிற்கிறோம் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

காவிரி நீரின் பொருட்டு 1991இல் எழுந்த கசப்பை நம்மிற் பெரியோர் மறந்திலர். அந்நாளில் கதவடைத்து அஞ்சியிருந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அன்றும் அரிசி கடன் கொடுத்த கன்னடக் கடைக்காரர் உண்டு. பூட்டிய தமிழன் கடையைக் காத்த அயலாரும் உண்டு. பல்லாண்டு பழகிய பற்று வரவுக் கணக்கு அவர்களை நம்மோடு பிணைத்திருந்தது. ஐஹொளேயின் பெயரைத் தமிழ் எழுத்தில் பொறித்தவர் வழிவந்த நாம், அக்கணக்கை நேர்மையோடு எழுதிச் செல்வோமாக.

வரும் நவராத்திரியில் சிறார் கைபிடித்துக் கண்காட்சிக்குச் செல்லும்போது, ஒரு கடையின்முன் சிறிது நிற்போம், "எந்த ஊர்?" என்று அன்போடு கேட்போம். சந்தை நடந்து வருவது, நடந்து போவது. அதன் காலடியில் நாம் விட்டுச் செல்லும் சொல்லே நிலைத்து நிற்பது.

வாழ்க தமிழ்! வளர்க கன்னட நாட்டு நட்பு!